மேடையில் இழுத்த கரைவலை

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவர் பள்ளி ஆண்டுவிழாக் காணொளியைப் போட்டிருந்தார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேடைக்குப் பின்னால் சுவர் அளவுக்குப் பெரிய திரை. அதில் அலையடிக்கிறது, மீன்கள் கூட்டம் கூட்டமாக நீந்துகின்றன, சுறா ஒன்று வாயைத் திறந்துகொண்டு வருகிறது. ஆளாளுக்குக் கைதட்டும் பொம்மை போட்டிருந்தீர்கள். நானும் போட்டேன். போட்டுவிட்டு, அதே மேடையில் உயிர்மீனைத் துள்ளவிட்ட ஒருத்தி இந்தக் குழுவில் இருக்கிறாள் என்று யாராவது எழுதுவீர்கள் எனக் காத்திருந்தேன். ஒருவரும் எழுதவில்லை. தனக்குத் தானே தம்பட்டம் அடிப்பது அழகில்லை என்பார்கள். அறுபதைத் தாண்டியாயிற்று, இனி அழகு பார்த்து என்ன ஆகப்போகிறது? அடிக்கிறேன், கேளுங்கள்.

உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு மேடைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் மேடைக்குப் பின்னால் இருந்தேன். நீங்கள் பார்க்காத பக்கத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

எனக்கு நடிக்க வராது. ஆறாம் வகுப்பில் சம்மனசு, அதாவது தேவதூதர் வேஷம் கொடுத்துப் பார்த்தார்கள். அம்மாவோடு மீன்கூடை சுமந்து பழகிய நடை எனக்கு. கழுத்தை அசைக்காமல், இடுப்பை மட்டும் ஒடித்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தேன். "சம்மனசு சந்தைக்குப் போற மாதிரி இருக்கே" என்றார் நாடகம் எழுதும் தமிழ் சார். சிறகைக் கழற்றி வேறொருத்திக்கு மாட்டிவிட்டார்கள். அழுதுகொண்டு நிற்காமல் அவளுக்குச் சிறகு கழன்றுவிடாமல் கட்டிவிட்டது நான்தான். அந்த முடிச்சைப் பார்த்துவிட்டு, இனி நாடகச் சாமான் எல்லாம் உன் பொறுப்பு என்று தமிழ் சார் சொன்னார். அன்றிலிருந்து பள்ளி முழுக்க எனக்குச் சாமான்காரி என்று பெயர்.

சாமான்காரி வேலை லேசுப்பட்டதில்லை. மேடையில் சாப்பிடுகிற காட்சி வந்தால், எதைக் கொடுப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆண்டவர் தண்ணீரைத் திராட்சைரசமாக்கிய கானாவூர்க் கல்யாண நாடகத்தில் அவல் கொடுத்தேன். மாப்பிள்ளையின் அப்பாவாக நடித்தவன் ஒரு வாய் போட்டுக்கொண்டு "வாருங்கள்" என்று வாயைத் திறந்தான். அவல் புரையேறி முன்வரிசை வரைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு வாழைப்பழம் தவிர எதையும் மேடையேற்றவில்லை. மெல்லவும் வேண்டாம், தொண்டையில் நிற்கவும் செய்யாது. திராட்சைரசத்துக்கு நன்னாரி சர்பத். அதை ஒத்திகையில் வைக்கவே கூடாது, கல்யாணத்துக்கு முன்னாலேயே பந்தி முடிந்துவிடும். ஒத்திகைக்குச் செம்பருத்தி ஊறிய தண்ணீர்தான் வைப்பேன்.

பேதுரு ஆண்டவரை மூன்று தடவை மறுதலித்ததும் சேவல் கூவுகிற நாடகத்துக்கு ஒரு சேவல் வேண்டும் என்றார்கள். சேவல் கூவுகிற மாதிரி ஒரு பையன் கூவட்டும் என்றார்கள் பெரிய சிஸ்டர், அதாவது நம் தலைமையாசிரியை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுச் சேவலை மத்தியானத்திலிருந்தே சாக்குப் போர்த்தி இருட்டில் வைத்திருந்தேன். நேரம் வந்ததும் சாக்கை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே காட்டினேன். விடிந்துவிட்டது என்று அது கூவியது பாருங்கள், ஒலிபெருக்கியே தேவைப்படவில்லை. ஒரே குறை, பேதுரு முதல் தடவை மறுதலிக்கும் முன்பே கூவத் தொடங்கி, நன்றியுரை முடியும் வரை நிறுத்தவில்லை. ஆனாலும் கூவியதா, இல்லையா?

இப்படி நல்ல பெயரோடு இருந்தவளுக்கு எட்டாம் வகுப்பில் ஒரு அடி விழுந்தது. அந்த வருஷம் தமிழ் சார் எழுதியது அதிசய மீன்பாடு நாடகம். விடிய விடிய வலை போட்டும் மீன் படாத பேதுருவை ஆண்டவர் மறுபடி வலை போடச் சொல்கிறார், வலை கிழியும் அளவுக்கு மீன் படுகிறது. நாடகத்தின் மற்ற காட்சிகளில் எல்லாம் ரோட்டோரத்து வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களுக்கு உச்சரிப்பு நன்றாக வரும். எங்கள் கடற்கரைத் தெருப் பிள்ளைகளுக்கு இருந்தது இந்த வலைக் காட்சி ஒன்றுதான். பேதுருவாக நடித்தவனும் எங்கள் தெருதான். அவனை இங்கேயும் பேதுரு என்றே சொல்கிறேன். அவன் இந்தக் குழுவில் இருக்கிறான், பொம்மை மட்டும் போடுவான், வாய் திறக்க மாட்டான்.

அந்த முறை மீன் செய்யும் பொறுப்பை என்னிடம் தராமல் ஓவிய சாரிடம் கொடுத்தார்கள். அவர் பரமக்குடிப் பக்கம், கடல் இல்லாத ஊர். நல்ல கைவேலைக்காரர், குறை சொல்ல முடியாது. அட்டையில் வெட்டி, ஜிகினா ஒட்டி, ஒவ்வொரு மீனுக்கும் சிவப்பாய் உதடு போட்டு, கண்ணுக்கு இமைமயிர் வரைந்திருந்தார். ஆண்டுவிழாவுக்கு எங்கள் தெரு ஆம்பளைகள் முதன்முதலாக வந்திருந்தார்கள். பேதுரு வலையைத் தூக்கினான். மீன்கள் கண்ணைச் சிமிட்டுகிற மாதிரி தொங்கின. அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏலே, மீனு மையெல்லாம் போட்டு வந்திருக்குடா! எங்கனயோ கலியாணத்துக்குப் போகுது போல!"

அது என் அய்யாவின் குரல். அவர் சிரிக்கத் தொடங்கினால் கடற்கரையில் கயிறு இழுக்கிற ஆட்கள் கையை விட்டுவிடுவார்கள், அப்படி ஒரு சிரிப்பு. தெரு முழுக்கச் சேர்ந்து சிரித்தது. பேதுரு வலையைப் போட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்து ஓடினான். கோயில் மணிக்கூண்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, தேடி வந்த எங்களைப் பார்த்து மண்ணை அள்ளி வீசினான்.

அய்யாவின் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அந்த ஆட்கள் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே அன்றைக்குத்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரோரமாக நின்றார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே பொருள் மேடைக்கு வந்தது, அதுவும் தப்பாக வந்தது. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் இதையெல்லாம் நினைக்கிற வயதா அது? அய்யா இன்னொரு தரம் என் பள்ளிக்கூடத்து மேடையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அடுத்த வருஷம் தமிழ் சார் அதே நாடகத்தைப் போடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவருக்கும் ரோஷம் இருந்திருக்கிறது. பெரிய சிஸ்டர் முடியாது என்றார்கள். அவர்கள் கூப்பிடாமலே நான் அறைக்குள் போய் நின்றேன்.

"சிஸ்டர், இந்த வருசம் நெசமான மீனு வச்சிப் போடுவம்."

"மேடை எல்லாம் நாறும். விருந்தினர் பக்கத்துல நான்தான் உட்கார்ந்திருக்கணும்."

"செத்த மீனுதான் சிஸ்டர் நாறும். உயிர் மீனு நாறாது."

"கடல்ல இருந்து இங்க வர்றதுக்குள்ள செத்துடுமே?"

"சாக விடமாட்டேன்."

அவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். "சரி. ஆனா ஒண்ணு. உங்க தெரு ஆளுங்க மறுபடியும் சிரிச்சு நாடகம் பாதியில நின்னுச்சுன்னா, இந்தப் பள்ளிக்கூடத்துல அதுதான் கடைசி நாடகம். அடுத்த வருஷத்துல இருந்து வெறும் வரவேற்பு நடனம்தான். உன் ஆளுங்ககிட்டயும் சொல்லிடு."

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேதுரு வரமாட்டான். அவனை மேடையேறச் சம்மதிக்க வைப்பதற்கே, எங்கள் சேவலின் வால் இறகை அவனுக்குத் தருவதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சேவல் அதற்கு முந்தைய கிறிஸ்துமஸிலேயே குழம்பாகியிருந்தது, இறகு மட்டும் பத்திரமாக இருந்தது.

எந்த மீன் தாங்கும் என்று பார்ப்பதற்காகத் தை மாதம் முழுக்க எங்கள் வீட்டுக் கொல்லையில் பானைகள் வரிசையாக இருந்தன. வாடைக் காற்று அடிக்கும் காலம், இரண்டு பக்கமும் கடல் உள்ள நம் ஊரில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் குளம் மாதிரி கிடக்கும். தென்கரையில் அய்யா கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார். தெரியாத பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: வள்ளத்தில் போய்க் கடலில் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு, இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். நடுவில் இருக்கிற பைக்கு மடி என்று பெயர், மீன் எல்லாம் அதில்தான் வந்து சேரும். வலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி. என் அய்யா சம்மாட்டி இல்லை, கயிற்றில் முதல் ஆள்.

மடி கரையேறியதும் நான் பானையோடு ஓடுவேன். சூடை, வெளிச்சத்தைப் பார்த்ததும் உயிரை விட்டுவிடும், அதற்கு அவ்வளவு அவசரம். ஓரா தாங்கும், ஆனால் அதன் முள் குத்தினால் கை வீங்கிக் கடுக்கும். வெறுங்காலோடு நடிக்கிற பிள்ளைகள் நடுவே அதை விட முடியாது. மடவை நன்றாகத் துள்ளும், துள்ளித் துள்ளியே பானைக்கு வெளியே போய்ச் சாகும். ஈரச் சாக்கால் பானையை மூடினேன், அப்புறம் தாங்கியது. கலவா அசையாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடக்கும், சாயங்காலம் வரை கவலையில்லை. எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்கியது பேத்தை. தொட்டால் பந்து மாதிரி வயிற்றை ஊதிக்கொள்ளும், பிள்ளைகளுக்குப் பார்க்கவும் வேடிக்கை. பானை நிறையப் பேத்தை பிடித்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று குதித்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏத்தா, கூறுகெட்டவளே! ஆண்டவரு குடுத்த மீனு பேத்தையா? வலையில பட்டாத் தூக்கிக் கரையில எறியிற சாதி. ஒங்கய்யா பாத்தா இந்த வருசம் முழுக்கச் சிரிப்பாரு."

சாமான்காரிக்கே அன்று சறுக்கியது. பேத்தையை எல்லாம் கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். மடவையும் கலவாவும்தான் என்று முடிவாயிற்று. வெறும் நல்ல தண்ணீரில் வைக்கக் கூடாது, கடல்தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், உலர்ந்த கையால் தொடக் கூடாது, சிரட்டையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் மீன் தெளிவாக இருக்கும். இவ்வளவையும் எனக்குச் சொல்லித்தந்தது செத்துப்போன மீன்கள்தான்.

அடுத்தது வலை. அய்யாவிடம் கேட்காமல் முடியாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அய்யா, பழைய மடி ஒண்ணு கெடக்குல்ல, கொல்லையில. அது வேணும்."

"எதுக்கு?"

"நாடகத்துக்கு."

"போன வருசம் மையி போட்டு வந்துச்சே, அந்த நாடகமா?" சோறு சிந்தச் சிரித்தார். "ஏத்தா, வலை என்ன வெளையாட்டுச் சாமானா? செருப்புக் காலோட மிதிப்பானுவ."

"மிதிக்க விடமாட்டேன். இந்த வருசம் உயிர் மீனு வருது."

"கடல்லயே உயிர் மீனு கெடைக்க மாட்டேங்குது. பள்ளிக்கூடத்துல எங்கன இருந்து வரும்?"

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் கை கழுவப் போனதும் அம்மா மெதுவாக, "எடுத்துக்க. கயித்தை வெட்டிறாத, ரெண்டு பக்கத்துக் கயிறும் அப்பிடியே இருக்கட்டும்" என்றார். அந்த மடியைத் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் தோளில் சுமந்து பள்ளிக்குக் கொண்டுபோனோம். மேடையில் வலை கிடந்தவரைக்கும் ஒருவரையும் செருப்போடு ஏறவிடவில்லை. விளக்குப் போட வந்தவர்கூடக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்.

ஆண்டுவிழா அன்று பொழுது விடிந்ததும் தென்கரைக்கு ஓடினேன். கடவுள் புண்ணியம், நல்ல மீன்பாடு. கோயில் அசன விருந்துக்குச் சோறு வடிக்கிற இரண்டு பெரிய அண்டாவை வாங்கி வைத்திருந்தேன். ஒன்றில் பக்கவாட்டில் ஒடுக்கு விழுந்திருக்கும், தண்ணீர் ஊற்றினால் அந்த இடத்தில் மட்டும் ஒரு மாதிரி கிணுகிணுக்கும். இரண்டிலும் மீனை விட்டுத் தள்ளுவண்டியில் வைத்து, ஈரச்சாக்குப் போட்டு மூடி, மேட்டுப் பாதையில் தள்ளிக்கொண்டு வந்தோம். பள்ளியில் மேடைக்குப் பின்னால் வேப்பமர நிழலில் அண்டாவை இறக்கினோம். பெண்பிள்ளைகள் முறை வைத்துச் சிரட்டையால் மொண்டு ஊற்றினார்கள். கணக்கு வகுப்பு, அறிவியல் வகுப்பு எல்லாம் அண்டா பக்கத்தில்தான் நடந்தன. சத்தம் கேட்டு வந்த பெரிய சிஸ்டர் குனிந்து மோந்து பார்த்தார்கள். "கடல் வாசனைதான் வருது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதுவே எனக்கு மெடல் வாங்கியது போல இருந்தது.

சாயங்காலம் மேடையைக் கட்டினோம். இரண்டு பெஞ்சைச் சேர்த்து, முன்பக்கம் பலகை அடித்தால் வள்ளம். அதற்குப் பின்னால் நீல நைலான் சேலைகளை இடுப்பளவுக்கு இழுத்துக் கட்டினால் கடல். கடலுக்குள்ளே நானும் இரண்டு பெண்பிள்ளைகளும் குத்தவைத்து உட்கார்ந்திருப்போம், பக்கத்தில் அண்டாக்கள். பேதுருவும் கூட்டாளிகளும் வள்ளத்திலிருந்து வலையை எங்கள் பக்கம் இறக்குவார்கள். நாங்கள் மீனை மடிக்குள் சாய்ப்போம். ஒரு பக்கத்துக் கயிறு அவர்கள் கையில், இழுத்துக்கொள்வார்கள். இன்னொரு பக்கத்துக் கயிற்றுக்கு வேலையில்லை, என் காலடியில் சுருண்டு கிடந்தது.

நாடகம் தொடங்கியது. சேலை இடுக்கு வழியாகக் கூட்டத்தைப் பார்த்தேன். அய்யா வந்திருந்தார். மேடைக்கு இடப்பக்கச் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுற்றிலும் கயிற்று ஆட்கள். அவர் உதட்டோரத்தில் சிரிப்பு ஏற்கெனவே தயாராக உட்கார்ந்திருந்தது.

பேதுரு வலையை இறக்கினான். அண்டாவைச் சாய்த்தோம். தண்ணீரோடு மீன்கள் மடிக்குள் விழுந்தன. "இழுங்கள் தோழர்களே!" என்று பேதுரு தமிழ் சார் எழுதிய தமிழில் கத்தினான். இழுத்தார்கள். மடி ஒரு முழம் ஏறியது. நின்றுவிட்டது.

எனக்கு மட்டும்தான் காரணம் தெரிந்தது. பெஞ்சுக் காலில் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருந்தது, வலைக்கண் அதில் மாட்டியிருந்தது. கையை விட்டு எடுக்கப் பார்த்தேன். மேலே அவர்கள் இழுக்க இழுக்க, ஆணியில் இன்னும் இறுகியது. "விடுங்கடா, ஒரு நிமிசம் விடுங்கடா" என்று கிசுகிசுத்தேன். பாட்டுக் குழு அல்லேலூயா பாடிக்கொண்டிருந்தது, ஒருவனுக்கும் கேட்கவில்லை. மடிக்குள் மீன்கள் தண்ணீர் இல்லாமல் அடித்துக்கொண்டன. மடவைகளின் துள்ளல் குறையத் தொடங்கியது. முன்பக்கம் சின்னப் பிள்ளைகள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பேதுரு திரும்பி மேடை ஓரத்தைப் பார்த்தான். குதித்து ஓடப்போகிறவன் பார்வை அது, எனக்கு நன்றாகத் தெரியும்.

கடலில் வலை பாறையில் மாட்டினால் இழுத்த இடத்திலேயே நின்று இழுக்க மாட்டார்கள். கயிற்றைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் போய் அங்கிருந்து இழுப்பார்கள், கழன்றுவிடும். நான் பிறந்ததிலிருந்து பார்த்தது. இடப்பக்கம் இழுத்தால் ஆணியிலிருந்து வழுவிவிடும். இடப்பக்கத்தில் இழுக்க ஆள் வேண்டும். காலடியில் கிடந்த கயிற்றைச் சுருளோடு தூக்கினேன். கடலுக்குள் குனிந்தபடியே இடப்பக்க ஓரத்துக்கு ஓடி, கூட்டத்துக்குள் வீசி எறிந்தேன்.

கயிறு முன்வரிசையில் இருந்த பெரிய சிஸ்டரின் முழங்கால்மேலாகப் போய் அய்யாவின் காலடியில் விழுந்தது. பேதுரு அதைப் பார்த்தான். தமிழ் சார் எழுதியதெல்லாம் அவனுக்கு மறந்துபோனது. எங்கள் தெருப் பேச்சில் தொண்டை கிழியக் கத்தினான்.

"ஏ, பக்கத்து வள்ளத்துக்காரவுகளே! வலை மாட்டிக்கிச்சி! கயித்துல கைவைங்கப்பா!"

சிரிக்க வாயைத் திறந்த அய்யா, வாயை மூடினார். கயிற்றைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். மாட்டிய வலையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அந்த ஆட்களுக்குத் தெரியாது.

"செருப்பைக் கழட்டுங்கடா" என்றார். கயிற்றை எடுத்தார். சுவரோரத்தில் நின்ற அத்தனை பேரும் அவருக்குப் பின்னால் வரிசையாகக் கைவைத்தார்கள். "மொல்ல, மொல்ல. எளக்கி இழு. இந்தா வருது... ஏலேலோ!" என்று அய்யா குரல் கொடுக்க, தெருவே திருப்பிக் கொடுத்தது. பாட்டுக் குழு வாயடைத்துப் போனது. தலைமுக்காட்டில் கயிறு சிக்காமலிருக்கப் பெரிய சிஸ்டர் அதைக் கையால் பிடித்தார்கள். பிடித்தவர்கள் விடவில்லை. சிறப்பு விருந்தினர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களும் இழுத்தார்கள்.

ஆணியிலிருந்து வலை வழுவியது. வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மடி பெஞ்சைத் தாண்டி மேடை நடுவில் வந்து விழுந்து வாய் திறந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளை வெளேரென்று மடவைகள் எகிறின. ஒன்று ஆண்டவராக நடித்தவனின் முழங்காலில் அடித்தது. ஒரு கலவா தத்தித் தத்திப் பேதுருவின் பாதத்தில் வந்து படுத்தது. அந்த நாடகத்தைப் பல தடவை ஒத்திகை பார்த்த எனக்கே, உண்மையிலேயே ஏதோ அதிசயம் நடந்துவிட்டது போல மயிர்க்கூச்செறிந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. "உயிரு மீனுடா" என்று யாரோ மெதுவாகச் சொன்னது மட்டும் கேட்டது.

இதன்பிறகு நடந்ததுதான் உங்களில் பலருக்குப் புரியாமல் போனது. ஆண்டவர் தன் வசனத்தைச் சொல்லவேண்டும், திரை விழவேண்டும். ஆனால் கயிறு இழுத்த ஆட்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பவில்லை. மேடைக்குக் கீழே வந்து வரிசையாக நின்றார்கள். ஓரத்திலிருந்து தமிழ் சார், "போகச் சொல்லுங்கப்பா, போகச் சொல்லுங்க" என்று கையை ஆட்டினார். ஒருவரும் அசையவில்லை.

"ஏன் நிக்கிறாங்க? என்ன வேணுமாம்?" என்று பெரிய சிஸ்டர் பேதுருவைக் கேட்டார்கள்.

"கறிமீனு, சிஸ்டர்" என்றான் பேதுரு. "கயித்துல கைவச்சவுகளுக்கு மீனு குடுக்கணும். ஒங்களுக்கும் உண்டு. நீங்களும்ல இழுத்தீக."

கரைவலையில் அது சட்டம். வழியோடு போகிறவன் வந்து கயிற்றில் ஒரு கை போட்டாலும் அவன் குழம்புக்கு மீன் கொடுக்காமல் அனுப்பக் கூடாது. இதில் விளையாட்டு வலை, நிஜ வலை என்ற பேதம் எங்கள் ஆட்களுக்கு இல்லை. இழுத்தார்கள், மீன் பட்டது, அவ்வளவுதான். பேதுரு குனிந்து ஒரு மடவையை எடுத்து முதல் ஆளான அய்யாவிடம் நீட்டினான்.

அய்யா கையை நீட்டவில்லை.

"இருடா. வலைக்காரவுக சொல்லாம பிரிக்கப்படாது." மேடையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "இந்த மடிக்குச் சம்மாட்டி யாரு?"

பேதுரு திருதிருவென்று விழித்தான். ஆண்டவரைப் பார்த்தான். ஆண்டவர் தமிழ் சாரைப் பார்த்தார். அப்புறம் பேதுரு திரும்பி, நீலச் சேலைப் பக்கம் கையைக் காட்டினான்.

"அங்கன இருக்கா."

நான் வெளியே வரக்கூடாது. சாமான்காரி கண்ணில் படவே கூடாது என்று மூன்று வருஷமாகக் காத்த விதி. ஆனால் கயிறு பிடித்த அத்தனை பேரும் என் சொல்லுக்காக நிற்கிறார்கள். பெரிய சிஸ்டரும் கயிற்றை விடாமல் நிற்கிறார்கள். எழுந்து கடலைத் தாண்டி வந்தேன். பாவாடை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது, தலையெல்லாம் செதில். விளக்கு கண்ணில் அடித்ததில் முகங்கள் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, அய்யாவைத் தவிர. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார், கடற்கரையில் சம்மாட்டிக்கு முன்னால் எப்படி நிற்பாரோ அப்படி.

"பிரிங்க" என்றேன்.

"ஆகட்டும் சம்மாட்டி" என்றார் அய்யா. சிரிக்கவில்லை.